பகலில் நடந்தால் இரவில் தூக்கம் வருமா? புற்றுநோயாளிகளும் குடும்பத்தினரும் கேட்கும் கேள்விகள்

புற்றுநோய் வார்டில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். வலி எப்படி, வாந்தி நின்றதா, சாப்பாடு இறங்குகிறதா என்று நோயாளியை எல்லோரும் கேட்பார்கள். "நேற்று தூங்கினீர்களா?" என்று கேட்பவர் குறைவு. நோயாளியும் தானாகச் சொல்வதில்லை. இந்த வியாதி வந்தபின் தூக்கம் எங்கே வரும் என்று தாமே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். அந்த முடிவு தவறு. தூக்கத்தை ஓரளவுக்காவது மீட்க முடியும், அதற்கு உடலை அசைப்பது நல்ல வழி. வார்டிலும் ஓ.பி. வரிசையிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். இவை பெரியவர்களுக்கு உரியவை. குழந்தைகளின் சிகிச்சையும் தூக்கமும் வேறு கணக்கு.

புற்றுநோய் வந்தவருக்குத் தூக்கம் கெடுவது மனக்கவலையால்தானே?

கவலையும் ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று சொல்லும்போது, நோயாளி மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளாததுதான் குற்றம் என்பதுபோல ஆகிவிடுகிறது. அது நியாயமில்லை.

கீமோவின்போது வாந்தியைத் தடுக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுக்கிறார்கள். அது உடலை உசுப்பிவிட்டு ஓரிரு இரவுகள் கண்ணை மூடவிடாது. மார்பகப் புற்றுநோய்க்கான ஹார்மோன் மாத்திரைகளும், புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஊசிகளும் நடுராத்திரியில் உடம்பெங்கும் அனல் அடித்ததுபோல வியர்த்து எழ வைக்கும். வலி இருக்கிறது. அடிக்கடி சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் விளக்கு அணைவதில்லை. இவற்றோடு, நோயும் சிகிச்சையும் உடலில் கிளப்பிவிடும் அழற்சி மூளையின் தூக்கக் கடிகாரத்தையே குழப்பிவிடுகிறது.

அமெரிக்காவில் கீமோ எடுத்துக்கொண்ட 823 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. அவர்களில் சுமார் 37 சதவீதத்தினருக்குத் தூக்கமின்மையின் அறிகுறிகள் இருந்தன. அவர்களைத் தவிர இன்னும் 43 சதவீதத்தினருக்கு அது நோய் என்றே சொல்லத்தக்க அளவுக்கு முற்றியிருந்தது. பத்துப் பேரில் எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறார், சொல்லிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

எழுந்து உட்காரவே தெம்பில்லாதவரை நடக்கச் சொல்வது கொடுமை இல்லையா? ஓய்வெடுத்தால்தானே உடம்பு தேறும்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் பெரும்பாலும் மனைவி, மகள், அண்ணன். அன்பினால் கேட்கிறார்கள். "நீ ஒன்றும் செய்ய வேண்டாம், படுத்துக்கொள்" என்று சொல்லி, தண்ணீர்ச் செம்பைக்கூடக் கட்டிலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அந்த அன்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: பகல் முழுக்கப் படுக்க வைப்பதுதான் பல வீடுகளில் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

வயலில் வேலை செய்துவிட்டு வரும் களைப்பு படுத்தால் தீரும். புற்றுநோயின் களைப்பு அந்த இனம் அல்ல. பத்து மணி நேரம் படுத்து எழுந்தாலும் உடம்பு அடித்துப் போட்டதுபோலவே இருக்கும். ஓய்வால் தீராத களைப்புக்கு இன்னும் ஓய்வு கொடுத்தால் தசை கரையும், மூச்சு வாங்கும். நேற்று குளியலறை வரை நடந்தவருக்கு இன்று அதுவே மலையாகிவிடும்.

படுக்கை உடலை என்ன செய்யும் என்பதற்கு எனக்கு மறக்க முடியாத சான்று ஒன்று உண்டு. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் முழுமையாகப் படுக்க வைத்துச் சோதித்தார்கள். அதே ஐவரை 30 ஆண்டுகள் கழித்து மறுபடியும் சோதித்தபோது தெரிந்தது இது: 30 ஆண்டு முதுமை அவர்களின் உடல் திறனைக் குறைத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அதிகமாகக் குறைத்திருந்தது. நோயே இல்லாத இருபது வயதுக்காரர்களுக்கே இந்தக் கதி.

களைப்புக்கு எது மருந்து என்று 113 ஆய்வுகளை, ஏறத்தாழ 11,500 பேரின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. மாத்திரைகளைவிட உடற்பயிற்சியும் உளவியல் உதவியும் நன்றாக வேலை செய்கின்றன என்று அது காட்டியது. ஆகவே நடக்கச் சொல்வது கொடுமை இல்லை. தெம்பு வந்தபின் நடக்கலாம் என்று காத்திருப்பவருக்குத் தெம்பு வருவது கடினம். நடக்க நடக்கத்தான் அது வரும். அளவு தெரியாமல் நடக்க வைப்பது மட்டுமே கொடுமை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நடைக்கும் தூக்கத்துக்கும் உடலுக்குள் என்ன தொடர்பு?

ஒரே ஒரு கம்பி வழியாக ஓடும் தொடர்பு இல்லை; பல இழைகள். விழித்திருந்து உடல் உழைக்கும் நேரம் கூடக் கூட, மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அதுதான் இரவில் கண்ணை அழுத்துவது. பகலெல்லாம் அரைத்தூக்கத்தில் கிடப்பவருக்கு அந்த அழுத்தம் சேர்வதற்கே வாய்ப்பில்லை. பயிற்சியில் ஏறும் உடல் சூடு சில மணி நேரம் கழித்து இறங்குகிறது, அந்த இறக்கமும் தூக்கத்துக்குத் துணை.

காலை வெளிச்சத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண்ணில் படும் காலை ஒளிதான் "இப்போது பகல்" என்று மூளைக்கு மணி அடிக்கிறது. ஆரோக்கியமாக இருப்பவருக்குக் கார்டிசால் என்ற ஹார்மோன் காலையில் உயர்ந்து இரவில் தாழும். புற்றுநோயாளிகள் பலரிடம் இந்த ஏற்ற இறக்கம் மழுங்கிப்போயிருப்பதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். பகலில் அசைவு, இரவில் அமைதி என்ற பழைய தாளத்துக்கு உடலைத் திருப்பிக் கொண்டுவருவதே நம் முயற்சி. மனச்சோர்வும் பதற்றமும் பயிற்சியால் குறைவது பல ஆய்வுகளில் உறுதியாகத் தெரிகிறது. அவை குறைந்தால் படுக்கையில் புரள்வதும் குறையும்.

இதெல்லாம் நிரூபிக்கப்பட்டதா, பொதுவான அறிவுரையா?

ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றின் பலத்தையும் ஓட்டையையும் சேர்த்தே சொல்கிறேன்.

சிகிச்சை முடிந்தும் தூக்கம் திரும்பாத 410 பேரை அமெரிக்காவில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் வழக்கமான மருத்துவம். ஒரு பிரிவுக்கு மட்டும் கூடுதலாக, வாரம் இரண்டு முறை 75 நிமிடம் மென்மையான யோகா: மூச்சுப் பயிற்சி, எளிய ஆசனங்கள், தியானம். நான்கே வாரத்தில் யோகா பிரிவினரின் தூக்கம் மற்றவர்களைவிடத் தெளிவாக மேம்பட்டது, தூக்க மாத்திரையின் தேவையும் குறைந்தது. இது 2013-இல் வெளியானது.

கனடாவில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 301 பெண்களை மூன்று பிரிவாக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். வாரம் மூன்று நாள் அரை மணி அளவுக்கு மூச்சு வாங்கும் பயிற்சி செய்தவர்களைவிட, ஒரு மணி அளவுக்குச் செய்தவர்களின் தூக்கம் கீமோ முடியும்வரை நன்றாக இருந்தது. கீமோ நடக்கும்போதே இதைச் செய்ய முடிந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்லோரும் ஒரு மணி நேரம் செய்ய வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. கண்காணிப்போடு, படிப்படியாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் அவர்கள்.

தூக்கமின்மை நோயோடு இருந்த, மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 90 பேரைக் கலிபோர்னியாவில் ஆராய்ந்தார்கள். ஒரு பாதிக்குச் சீனத்து மெதுவசைவுப் பயிற்சியான தாய் சி. மறு பாதிக்குத் தூக்கமின்மைக்கென்றே உள்ள பேச்சுவழிச் சிகிச்சை. அந்தப் பேச்சுவழிச் சிகிச்சைதான் தூக்கமின்மைக்கு முதல் மருந்தாக மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது. 15 மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கமும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் நல்ல பலன் பெற்றிருந்தார்கள். தாய் சி பின்தங்கவில்லை.

நம் பக்கத்திலேயே, பெங்களூரில், நோய் பரவிய நிலையில் இருந்த 91 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் மூன்று மாதம் யோகா கொடுத்துப் பார்த்தார்கள். ஆறுதல் ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட யோகா செய்தவர்கள் நன்றாகத் தூங்கினார்கள்.

இனி ஓட்டைகள். இந்த ஆய்வுகளில் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களே நிறைந்திருக்கிறார்கள். நம் ஊரில் நான் தினமும் பார்க்கும் வாய்ப் புற்றுநோயும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் இந்தக் கேள்விக்காக ஆராயப்பட்டது குறைவு. அதோடு, நோயாளி தானே சொல்லும் தூக்கக் கணக்கில் தெரியும் முன்னேற்றம், கையில் கட்டும் கருவியால் அளக்கும்போது அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. பயிற்சி செய்கிறோம் என்பது செய்பவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை, நம்பிக்கையும் அதில் கொஞ்சம் வேலை செய்திருக்கலாம். பல நாட்டு வல்லுநர்கள் கூடி 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், களைப்பு, பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்குப் பயிற்சி பலன் தரும் என்பதற்கு வலுவான ஆதாரம் இருப்பதாகச் சொன்னார்கள். தூக்கத்துக்கான ஆதாரத்தை அதற்கு ஒரு படி கீழே வைத்தார்கள். நேர்மையான கணிப்பு அது. என் வார்டில் நான் காண்பதும் அதுதான்: எல்லோருக்கும் பலிப்பதில்லை, நிறையப் பேருக்குப் பலிக்கிறது. தூக்கம் வராதவர்களுக்கும் களைப்பாவது குறைகிறது.

எவ்வளவு செய்ய வேண்டும்?

அந்த 2019 வழிகாட்டுதல் சொல்லும் அளவு: மூச்சு சற்று வேகமாகும்படி 30 நிமிடம், வாரம் மூன்று முறை, தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் இரண்டு முறை. இது போய்ச் சேர வேண்டிய இடம். முதல் நாளே தொட வேண்டிய இலக்கு என்று எடுத்துக்கொண்டு தோற்றுப்போகாதீர்கள்.

நான் தொடங்கி வைப்பது ஐந்து நிமிடம். கட்டிலிலிருந்து வாசல் வரை, திரும்பவும் கட்டில் வரை. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. மூன்று நாள் அது சிரமமில்லாமல் போனால் இரண்டு நிமிடம் கூட்டுங்கள். ஒரு நாள் முடியவில்லையென்றால் பாதியாகக் குறையுங்கள், முழுவதும் விட்டுவிடாதீர்கள்.

வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிகிறதென்றால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். பேச்சே வரவில்லை என்றால் குறையுங்கள். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரமாகியும் ஆள் தெளியவில்லை, மறுநாள் எழ முடியவில்லை என்றால் அன்று அளவு மீறிவிட்டது.

எந்த நேரத்தில் நடப்பது நல்லது?

காலை. வெயில் ஏறுமுன், வெளிச்சம் படும் இடத்தில். மொட்டை மாடி, தெருத் திண்ணை, ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடி, எதுவானாலும் சரி. சில கீமோ மருந்துகள் தோலை வெயிலுக்குக் கூசச் செய்யும், கதிர்வீச்சு பட்ட இடமும் வெயில் தாங்காது. அதனால் சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள், அந்த இடத்தைத் தளர்வான பருத்தித் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

காலையில் முடியாதவர்கள் மாலையில் செய்யலாம். படுக்கப்போகும் ஒரு மணி நேரத்துக்குள் வியர்க்க விறுவிறுக்கப் பயிற்சி செய்வது மட்டும் வேண்டாம். அந்த நேரத்தில் கை கால் நீட்டலும் மெதுவான மூச்சுப் பயிற்சியும் செய்யலாம், நல்லதே.

நடையா, யோகாவா, எடை தூக்குவதா?

விடாமல் செய்யக்கூடியது எதுவோ அதுவே உங்களுக்குச் சிறந்தது. யோகாவிலும் தாய் சியிலும் மூச்சும் கவனமும் சேர்ந்து வருவதால், மனம் ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு அவை பொருந்துகின்றன. நடைக்குக் காசும் ஆசிரியரும் தேவையில்லை. யோகா என்றதும் தலைகீழாக நிற்பதை நினைத்துப் பயப்படுகிறார்கள். மேலே சொன்ன ஆய்வுகளில் செய்தது அதுவல்ல, நாற்காலியிலும் பாயிலும் செய்யும் மென்மையான வகை.

தசைப் பயிற்சியை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை. சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை. அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கி இறக்குவது. இவ்வளவே போதும்.

கீமோ போட்ட வாரத்திலும் நடக்கலாமா?

கீமோ ஏறிய முதல் இரண்டு மூன்று நாள் குமட்டலும் அசதியும் உச்சத்தில் இருக்கும். அந்த நாட்களில் வீட்டுக்குள் ஐந்து நிமிடம் போதும். பிறகு மெல்லக் கூட்டி, அடுத்த கீமோவுக்கு முந்தைய வாரத்தில் கூடுதலாகச் செய்துகொள்ளலாம். அலைபோல ஏறி இறங்குவதுதான் இயல்பு. ஒவ்வொரு கீமோவுக்கும் பிறகு இறங்குவதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

அந்த ஓரிரு இரவுகளில் தூக்கமே இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் ஸ்டீராய்டு. அதற்கு நடையைவிட எளிய வழி இருக்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையை இரவில் போடுகிறீர்களா என்று பாருங்கள். காலையும் நண்பகலுமாக மாற்றிக்கொள்ளலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். கேட்காமல் மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

தினமும் கதிர்வீச்சுக்கு அலைகிறோம். அதுவே பயிற்சி ஆகாதா?

பஸ் நெரிசலும் காத்திருப்பும் உடலை அலுக்க வைக்கும், பயிற்சியின் பலனைத் தராது. கதிர்வீச்சின் களைப்பு வாரம் ஏற ஏறக் கூடும். கடைசி வாரங்களில்தான் அதிகம். அதனால் முதல் வாரத்திலேயே நடையைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. ஆஸ்பத்திரிக்கு அருகே அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்குச் சொல்வேன்: அந்தச் சிறிய அறையிலேயே நாளெல்லாம் அடைந்து கிடக்காதீர்கள். படுப்பதற்கு மட்டும் கட்டில். சாப்பாடு, பேச்சு, கைப்பேசி எல்லாம் நாற்காலியில்.

எப்போது பயிற்சி செய்யக் கூடாது?

காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் பயிற்சி இல்லை. கீமோ நாட்களில் அது அவசரம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், படபடப்பு, புதிதாக ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத் திணறல், புதிதாக வந்த எலும்பு வலி, கால் மரத்து வலுவிழப்பது: எது வந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். விடாத வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும் நாளும் ஓய்வு நாளே.

ரத்தப் பரிசோதனைத் தாளையும் பாருங்கள். பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இறங்கினால் எடை தூக்குவதை நிறுத்தி மெதுநடையோடு நிற்பதும், 20,000-க்குக் கீழே போனால் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் செய்யாமலிருப்பதும் பொதுவான வழக்கம். ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே என்றாலும் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். இந்த எல்லைகள் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி சற்று மாறும், உங்கள் மருத்துவர் சொல்வதே உங்களுக்குச் சட்டம். டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்ற, இதயத்தைப் பாதிக்கக்கூடிய மருந்துகள் எடுப்பவர்கள் எவ்வளவு கடினமாகப் பயிற்சி செய்யலாம் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கீமோவால் பாதம் மரத்துப்போனவர்கள் மேடு பள்ளமான தெருவில் நடக்க வேண்டாம். சமதளத்தில், காலைப் பிடித்து நிற்கும் செருப்போடு நடக்கலாம், நிலையாக நிறுத்திய சைக்கிளை மிதிக்கலாம்.

எலும்பில் பரவியிருக்கிறது என்றார்கள். அசைந்தால் உடைந்துவிடுமோ?

அந்தப் பயம் வீண் பயமல்ல. எந்த எலும்பில், எவ்வளவு என்று ஸ்கேனைப் பார்த்த மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்ட பின்புதான் தொடங்க வேண்டும். இடுப்பை முறுக்குவது, குனிந்து எடை தூக்குவது, குதிப்பது மூன்றும் கூடாது. அவற்றை விலக்கிவிட்டால் பெரும்பாலானோர்க்கு ஏதோ ஒரு அசைவு பாதுகாப்பானதாகக் கிடைக்கும். முற்றிய நிலையில் இருப்பவர்களுக்குப் பயிற்சி வீண் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மேலே சொன்ன பெங்களூர்ப் பெண்களுக்கும் நோய் பரவித்தான் இருந்தது. ஹாங்காங்கில் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குத் தாய் சி கற்றுக்கொடுத்தபோதும் தூக்கம் மேம்பட்டது.

மார்பக அறுவை நடந்த பக்கத்துக் கையில் எடை எடுத்தால் வீங்கிவிடும் என்கிறார்களே?

பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிவந்தோம். அது தவறென்று பின்னால் தெரிந்தது. ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. மெல்ல மெல்லக் கூட்டி எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென மோசமாவதுகூடக் குறைந்தது. ஆனால் அவர்கள் மிகக் குறைந்த எடையில் தொடங்கினார்கள், பயிற்சியின்போது அழுத்த உறை அணிந்தார்கள், பயிற்றுநரின் மேற்பார்வையில் செய்தார்கள். அந்த மூன்றையும் சேர்த்தே பின்பற்றுங்கள்.

என் கணவருக்கு புராஸ்டேட்டுக்கான ஊசி போடுகிறார்கள். இரவில் நான்கு முறை எழுகிறார். நடை உதவுமா?

சிறுநீருக்காக எழுவதை நடை நேரடியாகக் குறைக்காது. உடம்பு கொதிப்பதையும் அது நிறுத்தும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊசி தசையையும் எலும்பையும் கரைக்கிறது, களைப்பைக் கூட்டுகிறது. அதற்குத் தசைப் பயிற்சியைப்போல நல்ல மருந்து இல்லை. எழுந்தவர் திரும்பச் சீக்கிரம் உறங்குவதற்குப் பகல் உழைப்பு கைகொடுக்கும். மாலை ஆறு மணிக்குமேல் தண்ணீரையும் காபியையும் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாலையில் கால் வீங்குகிறதென்றால் படுப்பதற்குச் சில மணி நேரம் முன்பே காலை உயர்த்தி வைத்துக்கொள்ளட்டும். காலில் தேங்கிய நீர் இரவில் படுத்தபின் சிறுநீராக இறங்குவது குறையும். எழுந்து போகும் வழியில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பகலில் கண் அயரலாமா?

அயரலாம். மூன்று மணிக்கு முன், அரை மணி நேரம், கைப்பேசியில் மணி வைத்துக்கொண்டு.

நடக்கத் தொடங்கிவிட்டோம், தூக்க மாத்திரையை நிறுத்திவிடலாமா?

உங்களாகவே நிறுத்தாதீர்கள். பல நாள் போட்ட தூக்க மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் தூக்கம் முன்னைவிடக் கெடும், சில மாத்திரைகளில் வலிப்பு வரையில் போகலாம். தூக்கம் மேம்படத் தொடங்கியதும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார். மாத்திரை போடுபவர் காலையில் எழுந்ததும் நடக்கப் புறப்பட வேண்டாம். மயக்கம் தெளிய அரை மணி நேரம் போகட்டும்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

இன்று நடந்தால் இன்றிரவே தூக்கம் வரும் என்று எதிர்பார்த்தால், மூன்றாம் நாள் நடையை விட்டுவிடுவீர்கள். ஆய்வுகளில் பலன் தெரிந்தது நான்கு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள். அதுவும் ஒரே சீராக வராது.

நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் தினமும் மூன்று குறிப்பு எழுதச் சொல்வேன்: எத்தனை நிமிடம் நடந்தீர்கள், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், காலையில் எழுந்தபோது உடம்பு எப்படி இருந்தது. இரவு எத்தனை முறை விழித்தீர்கள் என்று எண்ண வேண்டாம். கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். நான்கு வாரத் தாள்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, அன்றன்றைக்குத் தெரியாத மாற்றம் தெரியும். அதே தாள்களை மருத்துவரிடமும் காட்டுங்கள். "தூக்கமே இல்லை டாக்டர்" என்பதைவிட அந்தத் தாள் அவருக்கு அதிகம் சொல்லும்.

எல்லாம் செய்தும் தூக்கம் வரவில்லையே?

அப்படியானால் அது உங்கள் முயற்சியின் குறை அல்ல, வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்று பொருள். வலி மருந்து இரவு முழுக்கத் தாங்குகிறதா? உரத்த குறட்டையும் நடுவில் மூச்சு நிற்பதும் இருக்கிறதா? மாலையானால் கால்களுக்குள் ஏதோ ஊர்வதுபோல் அமைதியின்றி இருக்கிறதா? கடைசியில் சொன்னது இரும்புச்சத்துக் குறைவாலும் வரும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மூன்று மாதத்துக்கு மேல், வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் இப்படியே நீடித்தால், முன்பு சொன்ன அந்தப் பேச்சுவழிச் சிகிச்சையைக் கேட்டு வாங்குங்கள். படுக்கையில் இருக்கும் நேரத்தை உண்மையில் தூங்கும் நேரத்துக்கு ஏற்பச் சுருக்குவது, தூக்கம் வராதபோது எழுந்து வேறிடத்தில் உட்காருவது, "இன்றும் தூங்கப்போவதில்லை" என்ற நினைப்பைக் கையாளக் கற்பது ஆகியவை அதன் பகுதிகள். நடையும் அதுவும் சேர்ந்தே நடக்கலாம். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் கேளுங்கள். மனநலப் பிரிவு என்ற பெயரைக் கேட்டதும் கூசுகிறவர்கள் உண்டு. எலும்பு முறிந்தால் எலும்பு மருத்துவரிடம் போவதைப் போன்றதுதான் இது.

எங்கள் அம்மாவால் கட்டிலை விட்டு இறங்கவே முடியாது. அவர்களுக்கு என்ன செய்வது?

காலையில் ஜன்னல் திரையை விலக்கிவிட்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வையுங்கள். பாதத்தை மேலும் கீழும் பத்து முறை அசைக்கச் சொல்லுங்கள். முழங்காலை மெல்ல மடக்கி நீட்டட்டும். கையை விரித்து மூடட்டும், தோள் வரை தூக்கி இறக்கட்டும். அவர்களால் முடியாததற்கு உங்கள் கையைத் துணை கொடுங்கள், வலிக்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். உதவியோடு நாற்காலிக்கு மாற முடியுமென்றால், காலை உணவை அங்கே உட்கார்ந்து சாப்பிடட்டும். பகலில் அறை வெளிச்சமாகவும் பேச்சுச் சத்தத்தோடும் இருக்கட்டும். இரவு ஒன்பதுக்குமேல் விளக்கையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிடுங்கள். அம்மா கைகாலை அசைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கையை நீங்கள் சொல்லுங்கள்.